மூடிக்குள் மடித்து வைத்த கவர்

சிறுவாச்சூரில் ஒரு தடவை, ஆலத்தூர் கேட்டில் ஒரு தடவை, இப்போது பாடாலூருக்கு முன்னால் இன்னொரு தடவை வண்டி இருமி இருமி நின்றதும், மணிமொழி பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். மகள் பூவிழி இன்றைக்குத் திருச்சி நர்சிங் காலேஜில் விளக்கேந்தி உறுதிமொழி எடுக்கிறாள். அதற்குத்தான் புருஷனும் பெண்டாட்டியும் சொந்த லோடு வண்டியில் கிளம்பியிருந்தார்கள்.

"நான் வூட்டுக்குத் திரும்பிடுறேங்க. நான் எறங்கிட்டா வண்டி ஓடும். நீங்களாச்சும் போயி புள்ள மொகத்தப் பாருங்க."

தங்கராசுவுக்குச் சுருக்கென்றது. கல்யாணத்தன்று பெண்ணை அழைத்து வந்த டிராக்டர் நடுவழியில் நின்றுபோக, அவன் அம்மா போகிறபோக்கில் ஒரு வார்த்தை விட்டாள், ராசியில்லாதவ என்று. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், வார்த்தைதான் போவேனா என்கிறது. நல்லது கெட்டதுக்கு எல்லோரோடும் மணிமொழி வண்டி ஏறவே மாட்டாள். அவனும் அதை ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை, பாவி மனுஷன். இன்றைக்குத்தான் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றியிருந்தான்.

ஸ்பேனரை எடுத்தான். டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டது என்றுதான் ஒவ்வொரு தடவையும் பில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கி, நுரை போய்ச் சுத்த டீசல் வந்த பிறகு முடுக்கினான். கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி மக்கர். டேங்க் முந்தாநாள்தான் நிரப்பியது, அதனால் அதன் மூடியை மட்டும் தொடவில்லை. சனியன், அதையும் பார்த்துத் தொலைப்போம் என்று திருகினான். டேங்க் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.

மூடியைக் கவிழ்த்துப் பார்த்தான். காற்று போகிற சின்ன ஓட்டையை அடைத்துக்கொண்டு, பதவிசாக மடித்த பாலிதீன் கவர். காற்று உள்ளே போகாமல் டீசல் எப்படி வெளியே வரும்?

மணிமொழிக்கு முகம் வெளுத்துவிட்டது. நேற்று ராத்திரி மழை தூறியதாம், மூடி லொடலொடவென்று ஆடியதாம், தண்ணீர் இறங்கி இன்றைய பயணம் கெட்டுவிடக் கூடாதே என்று அவள்தான் வைத்தாளாம். விசும்பலுக்கு நடுவே சொன்னாள்.

கோபம் வரவேண்டிய இடத்தில் அவன் கவரை உருவி அவள் கையில் கொடுத்துவிட்டு மூடியைத் திருகி மூடினான்.

"ராசியுமில்ல மண்ணாங்கட்டியுமில்ல புள்ள. இது நீ பண்ணுன தப்பு, அவ்ளோதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"தப்புதானாங்க?"

"தப்புதான்."

"தப்புன்னா இனிமே பண்ணாம இருந்துக்கலாம்," என்றாள். "ராசிய என்னங்க பண்றது?" சொல்லிவிட்டுச் சிரித்தாள், அழுகையும் கூடவே வந்தது.

பாடாலூர் தாண்டியும் வண்டி நிற்கவில்லை. பூ சுற்றிய கல்யாண வேன் ஒன்று அவள் பக்கமாக முந்திக்கொண்டு வந்தது. ஜன்னலோரம் மணப்பெண். மணிமொழி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கண்ணாடியை முழுசாக இறக்கி, கையை வெளியே நீட்டி, அந்த முன்பின் தெரியாத பெண்ணுக்கு டாட்டா காட்டினாள்.