புல்லுக்குள் நடந்து போகும் பறவை

பால் பண்ணைக்காகப் புல் அறுக்கும் மெஷினை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டிவந்தவருக்குப் பட்டப்பெயர் 'ஸ்பீக்கர்'. மெஷின் இரைச்சல் அவர் காதில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டிருந்தது. தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காததால், எதிரில் நிற்பவரிடமும் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். அவர் ஏதாவது குடும்ப விஷயம் பேச வாயெடுத்தால், மனைவி முதல் வேலையாக ஜன்னலைச் சாத்துவாள்.

போன தடவை அறுத்தபோது கத்தியில் ஏதோ சிக்கியதுபோலத் தெரிந்து இறங்கிப் பார்த்தார். புல்லின் அடியில் கிண்ணம்போல ஒரு கூடு, பாதி பிய்ந்து கிடந்தது. உள்ளே இருந்தவை முட்டைகளா குஞ்சுகளா என்று சொல்ல முடியவில்லை. தலைக்கு மேல் பழுப்பு நிறத்தில் சின்னப் பறவை ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. அலகைத் திறந்து திறந்து மூடியது. அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள்தான் மனைவியிடம் வாய் திறந்தார். "அது என்ன பறவைன்னுகூடத் தெரியல. இத்தனை வருஷமா அதுங்க வீட்டு மேலயே வண்டி ஓட்டியிருக்கேன்."

மனைவி தையல் கடையில் வேலை பார்ப்பவள். அங்கே துணி தைக்கக் கொடுக்கும் உயிரியல் டீச்சர் ஒருத்தி, ஞாயிறு காலையில் நூலக மாடியில் வயல்வெளிப் பறவைகளைப் பற்றி வகுப்பு எடுப்பது அவளுக்குத் தெரியும்.

"போய் உட்காருங்க."

"அம்பத்திநாலு வயசுல ஸ்கூலா?"

"ஃபெயில் எல்லாம் போட மாட்டாங்க. போங்க."

போனார். ஆட்காட்டி வெறும் தரையிலேயே முட்டையிடும் என்றும், காடை கூடுமானவரை ஓடிப் பார்த்துவிட்டுத்தான் பறக்கும் என்றும் டீச்சர் பலகையில் எழுதியதை ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். வானம்பாடியும் நெட்டைக்காலியும்தான் அவரைப் படுத்தின. இரண்டும் புல்தரையில் வாழ்பவை, இரண்டும் பழுப்பு, ஒரே துணியில் சட்டை தைத்த அண்ணன் தம்பி மாதிரி. "இதுங்களைக் குரலை வச்சுப் பிரிக்கிறதுதான் சுலபம்," என்று டீச்சர் போனில் பதிவுகளைப் போட்டுக் காட்டினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அவரும் ஆட்டினார்.

மூன்றாவது வாரம் டீச்சர் ஒரு குரலைப் போட்டு, "அண்ணே, நீங்க சொல்லுங்க, இது என்ன?" என்று நேராக அவரையே கேட்டுவிட்டாள். உதடு அசைந்ததைப் பார்த்து, காபி வேண்டுமா என்று கேட்கிறாள் என நினைத்தார்.

"இப்பத்தான் வீட்ல குடிச்சேன் டீச்சர்!"

மாடி அதிரச் சிரிப்பு எழுந்தது. அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது.

அடுத்த ஞாயிறு கட்டிலை விட்டு எழவில்லை. மனைவி விஷயத்தைக் கறந்துவிட்டு, "காது கேக்கலைன்னு சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு? அது மட்டும் நல்லாத்தானே இருக்கு," என்றாள். அதோடு விடாமல் அவரைக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போய், டீச்சரிடம் தானே சொன்னாள்.

டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. அவர் பார்க்கும்படி நேராக நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நான்தான் முதல்லயே கேட்டிருக்கணும். தப்பு என்னோடது, அண்ணே."

அதற்கடுத்த வாரம் வகுப்பு முழுக்கப் புல்வெளிக்குப் போனது. அவர் அறுக்கிற அதே புல்வெளி. பத்து நாளில் அறுப்பு. மனைவியும் கூடப் போனாள். வானம்பாடி ஒன்று மேலே ஏறிப் பாடிவிட்டுப் புல்லுக்குள் இறங்கியது. அது இறங்கிய இடத்துக்கே எல்லோரும் ஓடிக் கூட்டைத் தேடினார்கள். ஒன்றும் இல்லை.

"அங்க இருக்காது!" என்று அவர் கத்தினார். "அது இறங்குற இடம் வேற, வீடு வேற. இறங்கினப்புறம் புல்லுக்குள்ளயே நடந்து போகுது. ஒவ்வொரு அறுப்புலயும் வண்டி மேல உக்காந்து பார்க்கிறேன், எலி ஓடுதுன்னுல்ல நினைச்சேன்!"

எல்லோரையும் தள்ளி உட்காரவைத்தார். அரைமணி நேரம் புல் நுனி அசைவதையே பார்த்திருந்தார். பிறகு மெதுவாக நடந்து போய், புல்லை விலக்கிக் காட்டினார். நான்கு முட்டைகள். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மதியத்துக்குள் மூன்று கூடுகளைக் கண்டுபிடித்து, சற்றுத் தள்ளி அடையாளக் குச்சி நட்டார்கள்.

கூடுகளைச் சுற்றி மட்டும் அறுக்காமல் விடலாமா என்று கேட்டதற்குப் பண்ணைக்காரர் லேசில் மசியவில்லை. "மாடு புல்லைத் தின்னுமா, உன் பறவையைத் தின்னுமா?"

"ஒவ்வொண்ணும் ஒரு கட்டில் அகலம்தாங்க! குஞ்சு பறந்ததும் நானே அரிவாளோட வந்து அறுத்துக் குடுக்கிறேன்!"

"சரி, சரி, விட்டுத் தொலை. மெதுவாப் பேசு, பக்கத்துப் பண்ணைக்காரன் எட்டிப் பார்க்கிறான்."

அறுப்பன்று மூன்று திட்டுகளையும் சுற்றி வளைத்து ஓட்டினார். இரண்டு கூட்டில் குஞ்சுகள் பிழைத்தன. மூன்றாவதைக் காக்கை காலி பண்ணிவிட்டது. மொட்டையடித்த வெளியில் அந்தச் சின்னத் திட்டு தனியாகக் கண்ணில் பட்டிருக்கும் என்று அவருக்குப் புரிந்தபோது, பழையபடி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார். டீச்சர் வீட்டுக்கே வந்து ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: 'அடுத்த தடவை புல்வெளி ஓரத்தோடு சேர்த்துப் பெரிதாக விடுவோம். எவ்வளவு பெரிதாக என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.' அந்தத் தாளை நோட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் மனைவியோடு புல்வெளி ஓரம் நின்றார். வானம்பாடி ஒன்று மேலே போய்ப் புள்ளியாகிவிட்டது.

"எப்படிப் பாடுது?"

அவள் யோசித்து, அவர் காதுக்கு அருகில் வந்து உரக்கச் சொன்னாள். "பாத்திரத்துல தண்ணி கொதிக்கிறப்ப மூடி படபடன்னு ஆடுமே, அது மாதிரி. ஆனா மூச்சே விடாம."

"இவ்வளவு நேரமாவா?"

"இன்னும் நிறுத்தல."

"சரி, நிறுத்தினா சொல்லு," என்று அவர் வரப்பில் உட்கார்ந்துகொண்டார்.