நின்றுபோன திரை

கும்மிடிப்பூண்டியில் இறாலை உறையவைத்து ஏற்றுமதி செய்யும் அந்தத் தொழிற்சாலையில், கம்ப்யூட்டர் என்ற பெயரில் எது தகராறு செய்தாலும் நஜ்மாவைத்தான் கூப்பிடுவார்கள். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வந்து, அங்கே கம்பெனி பஸ் பிடித்து வருவாள். ஆறு வருடமாக அதே வேலை. ஆபீஸை ஒட்டிய அறையில் ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தது. அதிலிருந்து கேபிள் இழுத்து, பச்சை எழுத்து ஓடும் பழைய டெர்மினல்களை அங்கங்கே மாட்டியிருந்தார்கள். அவற்றில் ஒன்று, அமோனியா அறைக்கு வெளியே ஆபரேட்டர் உட்காரும் கூண்டில் இருந்தது. குளிரூட்டும் அமோனியாவின் அழுத்தம் அரை நிமிடத்துக்கு ஒரு வரியாக அதில் வரும். அளவு தவறினால் அந்த வரியோடு சேர்ந்து டெர்மினல் கீச்சிடும். அதைத் தவிர வேறு எச்சரிக்கை மணி கிடையாது.

2003 மே மாதம், காலை ஷிஃப்ட் ஆபரேட்டர் மணிகண்டன் அவளைத் தேடி வந்தான்.

"இன்னான்னே தெரியல மேடம். ஸ்க்ரீன்ல எழுத்தெல்லாம் கண்டபடி வருது. நம்பர் பாதி வருது, பாதி காணோம்."

கேபிள் கம்ப்ரஸர் மோட்டாரை உரசிக்கொண்டு போவதை நஜ்மா பார்த்தாள். லைனின் வேகத்தைக் குறைத்தாள். கோணல் எழுத்துகள் பெரும்பாலும் போய்விட்டன. ஆனாலும் அந்தக் கிழட்டு டெர்மினல் வருவதை வாங்க முடியாமல் நடுவில் சில எழுத்துகளை விழுங்கியது. அதற்கும் ஒரு வழி இருந்தது. தன்னால் முடியாதபோது டெர்மினல் 'நிறுத்து' என்று ஒரு குறியை அனுப்பும். மூச்சு வாங்கியதும் 'தொடர்' என்று இன்னொரு குறியை அனுப்பும். கம்ப்யூட்டர் அவற்றை மதித்து நடக்கும்படி செய்ய ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். நஜ்மா அதைக் கொடுத்தாள். வரிகள் சுத்தமாக ஓடின.

அதில் ஒரு ஆபத்து உண்டு என்பதும் அவளுக்குத் தெரியும். மோட்டார் கிளம்பும்போது கேபிளில் ஏறும் மின் இரைச்சலை, எப்போதாவது ஒருமுறை, கம்ப்யூட்டர் 'நிறுத்து' என்ற குறியாக எடுத்துக்கொள்ளலாம். 'தொடர்' என்று யாரும் சொல்லாதவரை பிறகு அது வாயைத் திறக்காது. திரை அணையாது. கடைசியாக வந்த வரி அப்படியே நிற்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோல.

"ஸ்க்ரீன் ஓடாம நின்னுட்டா கன்ட்ரோலையும் கியூவையும் சேத்து அமுக்குங்க," என்றாள் மணிகண்டனிடம். "நல்ல கேபிள் கேட்டு எழுதிக் குடுக்கறேன். வந்ததும் இத்த எடுத்துடலாம்."

"சரி மேடம்."

அதை ஒரு தாளில் எழுதிக் கூண்டில் ஒட்ட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தாள். வேறு வேலை வந்தது. கேபிளுக்கு எழுதிய கடிதம் மேனேஜர் துளசிராமன் மேசையில் கிடந்தது. இரண்டு முறை நினைவூட்டினாள். "பார்க்கலாம்மா" என்றார்.

ஆகஸ்டில் மணிகண்டன் தங்கை கல்யாணத்துக்கு லீவு போட்டான். அவனுக்குப் பதிலாக மாலை ஷிஃப்ட் குப்புராஜ் காலையில் வந்து உட்கார்ந்தார். புதுவாயல்காரர், நாற்பது வயது, அதிகம் பேசாதவர். திரை நிற்கும் என்பதோ, நின்றால் எந்த விசையை அமுக்க வேண்டும் என்பதோ அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

அன்று பதினொன்றே முக்காலுக்கு அமோனியா அறையில் ஒரு வால்வு பிய்த்துக்கொண்டது. இறால் உரிக்கும் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். அவர்களில் பூவம்மாள் மட்டும் தட்டுகளோடு உள்வழியில் மாட்டிக்கொண்டாள். குப்புராஜ் ஈரத்துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போய் மெயின் வால்வை மூடினார். அதில் அவருடைய இடது கண் வெந்துபோனது. பூவம்மாள் சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

காற்று கொஞ்சம் தெளிந்ததும் நஜ்மா ஆபரேட்டர் கூண்டுக்குப் போனாள். ஆள் இல்லை. திரையின் கடைசி வரியில் நேரம் பதினொன்று எட்டு. அழுத்தம் சரியான அளவு. அவளுடைய கை தானாகவே அந்த இரண்டு விசைகளையும் அமுக்கியது. தேங்கிக் கிடந்த வரிகள் கடகடவென்று இறங்கின. ஒவ்வொரு வரிக்கும் டெர்மினல் கீச்சிட்டது. ஏறிக்கொண்டே போன அழுத்தத்தை, கேட்க ஆள் இல்லாத கூண்டில், அது இப்போது சொல்லிக்கொண்டிருந்தது.

நஜ்மா நேராகத் தன் அறைக்கு ஓடி, மே மாதம் கொடுத்த கட்டளையை நீக்கினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிற்பாடு அவளால் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. யாரும் கேட்பதற்கு முன் அது அங்கே இருக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

மறுநாள் துளசிராமன் கூப்பிட்டார்.

"அந்த லைனோட செட்டிங் எல்லாத்தையும் ஒரு பிரிண்ட் எடுத்து கையெழுத்து போட்டுக் குடும்மா. விசாரணைல வைக்கணும்."

"சார், அந்த கேபிளு..."

"எந்தக் கேபிள்?" என்றார், அவளை நிமிர்ந்து பார்க்காமல்.

நஜ்மா கையெழுத்துப் போட்டாள். டெர்மினலில் கோளாறு இல்லை, குப்புராஜ்தான் வேலை நேரத்தில் தூங்கினார் என்று எழுதி அவரை சஸ்பெண்ட் செய்தார்கள்.

மூன்று மாதம் போனது. அம்மா பீவி ஜான், "ஏன்மா சோறு எறங்கல உனக்கு?" என்று மகளைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். நவம்பரில் ஒருநாள் கம்பெனி பஸ் கிடைக்காமல் புதுவாயல் கூட்ரோட்டில் நஜ்மா நின்றிருந்தபோது, ஒரு சிமென்ட் கடை வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த குப்புராஜைப் பார்த்தாள். அவரும் பார்த்துவிட்டார். தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நல்லா கீறீங்களா மேடம்?"

அவள் தலையசைத்தாள்.

"உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். நான் அந்த ஸ்க்ரீனைப் பாத்துக்கினுதான் இருந்தேன். நம்பர் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா தூங்கிட்டே தூங்கிட்டேன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே சந்தேகமா கீது. உக்காந்தபடியே கண்ணசந்துட்டேனா இன்னா? அப்டி அசந்தா ஆளுக்கே தெரியாதாமே?"

நஜ்மா அங்கேயே, லாரிகள் போய்க்கொண்டிருந்த ரோட்டோரத்தில், எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. குப்புராஜ் நல்ல கண்ணால் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் தூங்கல."

"இல்லண்ணே."

"மூணு மாசமா என் பொண்டாட்டி மூஞ்சியை நிமுந்து பாக்கல நான்." துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

அடுத்த வாரமே விசாரணைக்கு எழுதிக் கொடுத்தாள். கம்பெனி அமர்த்தியிருந்த வக்கீல் அவளைக் கூப்பிட்டு, கையெழுத்துப் போட்ட தாளை முன்னால் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"நீங்க சொல்ற செட்டிங் இதுல இல்லையே?"

"நான்தான் மாத்தினேன். விபத்துக்கு அப்புறம்."

"அன்னைக்குப் பொய்யா ஒரு தாளைக் குடுத்தவங்க இன்னைக்கு நெஜம் சொல்றாங்கன்னு நான் எப்படி எடுத்துக்கறது?"

மணிகண்டனைக் கேட்டார்கள். தரையைப் பார்த்தபடி, மேடம் எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை என்றான். கேபிள் கேட்டு எந்தக் கடிதமும் வரவில்லை என்றார் துளசிராமன். குப்புராஜை வேலையை விட்டு எடுத்தார்கள். ஆவணத்தைத் திருத்தியதாகத் தானே ஒப்புக்கொண்டாள் என்று நஜ்மாவையும் எடுத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குப்புராஜ் போன் செய்தார்.

"பூவம்மா ஊட்டுக்குப் போறேன். இத்தினி நாளு அந்தத் தெரு பக்கமே போவல. நீங்களும் வர்றீங்களா?"

போனாள். பூவம்மாளின் புருஷன் சடையப்பன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவர்களை உட்கார வைத்தார். நஜ்மா நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள். சடையப்பன் குப்புராஜின் கையை எடுத்துத் தன் கைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"அந்த டிவி பெட்டி மாதிரி இருக்குமே, அது இப்ப சரியா ஓடுதாம்மா?"

"நான் இப்ப அங்க இல்லிங்க. என்னையும் எடுத்துட்டாங்க."

"எம்பொண்ணு சந்திரகலாவை அவ அம்மா வேலைக்கே எடுத்துக்கினாங்க. போன மாசத்துலேர்ந்து போவுது. அதான் கேட்டேன்."

நஜ்மா நினைத்துப் பார்த்தாள். கேபிள் அதே கேபிள்தான், மோட்டாரை உரசிக்கொண்டு. அவள் கட்டளையை எடுத்துவிட்டதால் டெர்மினல் மறுபடி எழுத்துகளை விழுங்க ஆரம்பித்திருந்தது. அவளுக்குப் பிறகு யாராவது வந்து அதே வழியைக் கண்டுபிடித்திருக்கலாம்.

"தெரியலிங்க," என்றாள். "பொண்ணை அனுப்பாதீங்க."

சடையப்பன் தலையசைத்தார். அனுப்பமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை.