கரவெட்டிக்காரனுக்குத் திறந்த வழி

ஹம்பேர்க்குக்கு வெளியே ஒரு படைமுகாம். பயிற்சியின் மூன்றாம் நாள். எட்டு நேச நாடுகளின் படைகள் சேர்ந்து, பகை நாடொன்றின் இணையத் தாக்குதலை முறியடிப்பதாகப் பாவனை. பகை நாடு மேல்மாடியில் இருந்தது. எட்டு நாடுகளிலுமிருந்து பொறுக்கியெடுத்த குறும்புக்காரர்கள் அங்கே கால்மேல் கால் போட்டபடி எதிரிகளாக நடித்துக்கொண்டிருந்தார்கள்.

தக்சாயினிக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. ஜெர்மன் அணிக்கு அவள் முதன்முறையாகத் தலைவி. பதவியை நிரந்தரமாக்குவதா என்பதை இந்தப் பயிற்சியைப் பார்த்துத்தான் மேஜர் முடிவெடுப்பார். ஒவ்வோர் அணிக்கும் ஓர் அட்டை நகரம்; அவள் காக்கவேண்டியது தன் மேசைமேல் இருந்த நகரத்தின் விளக்குகளை.

மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"தக்சாயினி அக்காவோ? நான் நிதுசன், நோர்வே அணியிலையிருந்து கதைக்கிறன்."

ஆறு வருடமாக அலுவலகத்தில் 'தக்ஸா' என்று வெட்டுப்பட்டுக் கிடந்த பெயர் யாழ்ப்பாணத் தமிழில் முழுசாகக் காதில் விழுந்ததும் அவளுக்குள் ஏதோ இளகியது.

"ஊரிலை எவடம், தம்பி?"

"அம்மாவும் அப்பாவும் கரவெட்டி, அக்கா."

"கரவெட்டியிலை ஆற்றை மகன்?"

"தேவமலர் ரீச்சரின்ரை."

"ஐயோ, என்ரை சின்னம்மாவோடை ஒண்டாப் படிப்பிச்சவவெல்லே!"

பிறகு அவன் கூச்சத்தோடு கேட்டான். "அக்கா, தாக்கினவையின்ரை தடயம் கொஞ்சம் பிடிச்சு வைச்சிருக்கிறம். அனுப்புறதுக்கு உங்கடை கணினிக்குள்ளை ஒரு வழி திறந்து விடுறியளோ?"

விதி தெளிவானது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, பட்டியலில் உள்ள நோர்வே எண்ணுக்குத் தானே எடுத்து உறுதிப்படுத்த வேண்டும். தேவமலர் ரீச்சரின் மகனிடம் போய், நீ சொல்வது உண்மையா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்பதா? முகத்திலடித்தாற்போல் இருக்காதா?

திறந்துவிட்டாள்.

நான்கு நிமிடத்தில் அட்டை நகரம் இருண்டது. முதலில் மருத்துவமனை, பிறகு ரயில் நிலையம். மேல்மாடியில் கைதட்டல் கேட்டது.

கரவெட்டி உண்மை, ரீச்சர் உண்மை, அவன் பெயரும் உண்மை. யாருடைய மகன் என்று துருவியவள் எந்த அணி என்று மட்டும் பார்க்கவில்லை. அவன் மேல்மாடி அணி.

"எப்படி உள்ளே வந்தார்கள்?" துணைத்தலைவி லிசா ஓடிவந்தாள். "மென்பொருளில் ஓட்டையா?"

ஆமென்று தலையாட்டினால் போதும். ஜெர்மன்காரரைவிடக் கறாராக விதி பார்ப்பவள் என்று பெயரெடுத்தவள் அவள். தமிழ் கேட்டு மயங்கினேன் என்று எப்படி எழுதுவது? இனித் தமிழே அவளுடைய பலவீனம் என்று கோப்பில் ஏறிவிடும். ஆனால் அந்தப் பொடியன் இந்நேரம் டென்மார்க் அணியில் யாருக்காவது மச்சானாகியிருப்பானே!

"ஓட்டை நான்தான்" என்றாள். மற்ற ஏழு நாட்டு அணிகளுக்கும் செய்தி தட்டினாள்: "ஒருவர் தொலைபேசியில் என் உறவினரைத் தெரியும் என்றார். சரிபார்க்காமல் வழி திறந்தேன். உங்களையும் அழைப்பார். மிகவும் மரியாதையானவர்."

ஒரு நிமிடத்தில் டென்மார்க்கின் பதில் வந்தது. "இப்போது எங்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார். துண்டிக்கிறோம்."

ஐந்து மணிக்கு மேஜர் வந்தார். இருண்ட நகரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"உங்கள் நகரம் போய்விட்டது. மற்ற ஏழு நகரங்களிலும் விளக்கு எரிகிறது. போன வருடத் தலைவர் தன் பிழையைச் சொல்ல இரண்டு நாள் எடுத்தார், எட்டும் போயின. பதவி உங்களுக்குத்தான். திருப்பி அழைக்க மட்டும் பழகிக்கொள்ளுங்கள்."

படிக்கட்டில் நெட்டையான ஒருவன் வழிமறித்தான். குரலிலேயே யாரென்று தெரிந்தது.

"என்னக்கா, ஒரு அரை மணித்தியாலம் வெக்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கக் கூடாதோ? டென்மார்க்கையும் முடிச்சிருப்பன்."

"வெக்கம் இப்பவும் இருக்கு, தம்பி" என்றாள் தக்சாயினி. "அதோடைதான் எழுதினனான்."