நான்காவது செவ்வாய்

எங்கள் பார்லரில் எந்தப் பெண் வேக்ஸிங் செய்ய வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். "கடைசியா டேட் எப்போ?"

புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தால் குரலை விழுங்கிக்கொண்டு பதில் சொல்வார்கள். ஒருத்தி தன் கல்யாணத் தேதியைச் சொன்னாள். நான் விடமாட்டேன். தேதி தெரியாமல் வேக்ஸ் ஹீட்டரின் மூடியைக்கூடத் திறக்கமாட்டேன். இதனால் எனக்கு இந்தத் தெருவில் நல்ல பேரும் உண்டு, வாயாடி என்ற பேரும் உண்டு.

பதினேழு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். அதே பெண், அதே வேக்ஸ், அதே என் கை. ஒரு மாதம் ஊர்க்கதை பேசிக்கொண்டே காலை நீட்டுவாள். இன்னொரு மாதம் வேக்ஸ் மேல் ஒட்டிய முதல் துணிப் பட்டையை இழுத்ததுமே கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொள்வாள், தோல் தடித்துப் போகும். தேதியைக் கேட்டால் இரண்டு நாளில் வந்துவிடும் என்பாள். என்னிடம் வரும் ஒரு நர்ஸ்தான் காரணம் சொன்னாள். மாதத்துக்குள் ஹார்மோன் ஏறி இறங்குகிறதாம். பீரியட்ஸுக்கு முந்தைய சில நாட்களில் பலருக்குத் தோல் சீக்கிரம் சிவக்கும், வலியும் கூடுதலாகத் தெரியும். எல்லாருக்கும் இல்லை, பலருக்கு. முடிந்த பிறகு வரும் வாரம் தேவலை. அன்று முதல் ஆளுக்கு ஓர் அட்டை போட்டு, தேதியைக் குறித்து, நல்ல வாரமாகப் பார்த்துத்தான் வரச் சொல்கிறேன். இருநூற்றுச் சொச்சம் அட்டைகள் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன.

அதில் தம்பி பெண்டாட்டிக்கு மட்டும் அட்டை கிடையாது.

வீட்டு ஆளுக்கு எதற்கு அட்டை? அவள் என் கையில் இலவசமாகச் செய்துகொள்கிறவள். செவ்வாய்க்கிழமைகளில் பார்லரில் ஈ ஓட்டுவோம். அதனால் மாதச் சம்பளக்காரியான அவளை, அலுவலகம் முடிந்ததும் நான்காவது செவ்வாய்தோறும் வந்துவிடு என்று சொல்லி வைத்திருந்தேன். நான்கு வாரத்துக்கு ஒரு முறை. முடியும் அதற்குள் சரியாக வளர்ந்திருக்கும். இரண்டு வருஷமாக ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை.

தேதி கேட்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி ஐந்து வருஷமாகக் குழந்தை இல்லாதவளிடம் நாத்தனார் போய் "டேட் எப்போ?" என்று கேட்டால் அதற்கு அர்த்தமே வேறு. தள்ளிப் போயிருக்கிறதா என்று மோப்பம் பிடிக்க வந்தவள் ஆகிவிடுவேன். ஊரார் பெண்களிடம் கூசாமல் கேட்பவளுக்கு வீட்டுப் பெண்ணிடம் வாய் வரவில்லை.

அந்த ஒரு கேள்விக்குத்தான் வாய் வரவில்லை. மற்றபடி நன்றாகவே வந்தது. அவள் என் கட்டிலில் படுத்தால் போதும், கூத்துதான். பட்டையை ஒட்டும்போதே உடம்பை இறுக்குவாள், இழுத்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஒரு நாள் என் மணிக்கட்டையே பிடித்துக்கொண்டாள். தொட்டாச்சிணுங்கி என்று நான் வைத்த பேர்தான் பார்லர் முழுக்க. முதலாளியம்மாகூட "இன்னிக்குத் தொட்டாச்சிணுங்கி நாளா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். நானும் ஒவ்வொரு முறையும் ஒரே ஜோக்கை அடிப்பேன்.

"இதுக்கே இப்படின்னா பிள்ளை பெத்துக்கும்போது என்னடி பண்ணுவே?"

எந்தப் பார்லரிலும் அடிக்கிற ஜோக்தான். வாடிக்கைக்காரிகள் சிரிப்பார்கள், "நாலு பெத்துட்டேங்க" என்று பதிலும் கொடுப்பார்கள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். ஒரு தடவை மட்டும் வெளியில் ரேஸர் வாங்கி வழித்துக்கொண்டு வந்தாள். வீட்டிலேயே ஒருத்தி பதினேழு வருஷமாக இதே வேலை செய்கிறாள், நீ ரேஸர் வாங்குகிறாயா, என் மானம் போகவில்லையா என்று ஒரு பிடி பிடித்தேன். அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதற்கிடையில் தம்பி வீட்டில் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. தம்பி என்னைவிட எட்டு வயது சின்னவன், என் இடுப்பில் வளர்ந்தவன். ஒரு நாள் பார்லர் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டான். தான் வேலை பார்க்கும் கம்பெனியில், வேறு ஊர்க் கிளைக்குத் தன்னை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். அடுத்த மாதக் கடைசியில் போகிறானாம், தனியாக.

"அவளுக்குக் குழந்தைன்னாலே பிடிக்கலக்கா. அஞ்சு வருஷமா கேட்டுட்டேன். இப்ப வேணாம், இப்ப வேணாம்னா என்ன அர்த்தம்? என்னையே பிடிக்கலயோ என்னவோ. கொஞ்ச நாள் தள்ளி இருந்து பாக்கறோம்."

"அவ என்னடா சொல்றா?"

"போங்கன்னு சொல்லிட்டா."

எனக்கு அவள் மேல் ஆத்திரமாக வந்தது. என் தம்பி வீட்டில் ஒரு குழந்தை தவழ வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது பொய்யில்லை. இவள் ஒருத்தியின் பிடிவாதத்தால் குடும்பம் இரண்டாகிறதே என்றுதான் நினைத்தேன். அடுத்த செவ்வாய் வரட்டும், நாலு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய் வரவில்லை. பார்லரில் தண்ணீர்க் குழாய் வெடித்துத் தரையெல்லாம் பெயர்ந்துவிட்டது. புது டைல்ஸ் ஒட்டி முடிக்கப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. செவ்வாய் தாண்டிப் பதினோராவது நாள், ஒரு சனிக்கிழமை மதியம், அவளை வரச் சொன்னேன். தம்பி கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருந்தது.

வந்து படுத்தாள். பவுடர் போட்டேன், வலது காலில் வேக்ஸைத் தடவினேன், பட்டையை ஒட்டித் தேய்த்தேன். நாலு வார்த்தை கேட்பதற்கு முன்னால் வேலையை முடித்துவிடலாம் என்று ஒரே இழுப்பாக இழுத்தேன்.

சத்தமே இல்லை.

இன்னொன்று இழுத்தேன். மூன்றாவதை முழங்காலுக்குக் கீழே, நோகிற இடத்தில் இழுத்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். உடம்பு சரியில்லையோ என்று நெற்றியில் கைகூட வைத்துப் பார்த்தேன்.

"வேக்ஸை மாத்திட்டீங்களா அண்ணி?"

"அதே டப்பாதான். ஏன்?"

"வலிக்குது. ஆனா வழக்கமா இருக்கற மாதிரி இல்ல. பொறுத்துக்கற மாதிரி இருக்கு."

வலது கால் முழுவதும் முடித்தேன். தோல் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். என் கை நின்றுவிட்டது. பதினேழு வருஷத் தொழில் எனக்குள்ளிருந்து கேட்டது, நான் கேட்கவில்லை.

"கடைசியா டேட் எப்போ?"

அவள் முகம் வாடிவிட்டது. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி. போன வாரம்கூட வந்துச்சே."

"அதுக்குக் கேக்கலம்மா. தொழிலுக்குக் கேக்கறேன். போன வாரம் என்னிக்கு?"

"முந்தாநேத்து வியாழன் இல்ல, அதுக்கு முந்தின வியாழக்கிழமை. எனக்கு எப்பவும் கரெக்டா நாலு வாரம். புதன் இல்லன்னா வியாழன்."

சுவரில் நாட்காட்டி தொங்கியது. எழுந்து போய், ஒட்டுகிற விரலோடு பின்னால் எண்ணிப் பார்த்தேன். அவளுடைய நான்காவது புதன், வியாழன். என்னுடைய நான்காவது செவ்வாய். இரண்டும் ஜோடி போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் நடந்திருக்கின்றன. ஊரில் இருநூறு பெண்களுக்கு எந்த நாள் கூடாது என்று அட்டை எழுதி வைத்தவள், சொந்தத் தம்பி பெண்டாட்டியை அந்த ஒரு நாளாகப் பார்த்துப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறேன். தற்செயலாக ஒரு முறை என்றால்கூடப் பரவாயில்லை. நான்கு வாரக் கணக்கு என்பதால் தப்பிக்கவே வழியில்லாமல் போயிருக்கிறது. வெட்கமாக இருந்தது. அவளிடம் மறைக்க நினைத்தேன் என்பதும் உண்மைதான். நாட்காட்டியின் முன்னால் நான் நின்ற நேரம் அதிகமாகிவிட்டதால் அவளே எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

சொன்னேன். நர்ஸ் சொன்னது, அட்டைகள், செவ்வாய், எல்லாம்.

அவள் தன் வலது காலை ஒரு முறை தடவிப் பார்த்தாள்.

"அப்ப நான் வலி தாங்காதவ இல்லயா?"

"யாரு சொன்னா அப்படி?"

"நீங்கதான் அண்ணி. மாசா மாசம்."

ஹீட்டர் விளக்கு அணைந்து எரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கல்யாணமான புதுசுல சும்மாதான் வேணாம்னேன், ரெண்டு மூணு வருஷம் போகட்டும்னு. அப்புறம் இங்க வர ஆரம்பிச்சேன்" என்றாள். "இதுக்கே செத்துப் போறோமே, அதுக்கு என்ன ஆகும்னு ராத்திரியெல்லாம் யோசிப்பேன். அவர்கிட்ட எப்படிச் சொல்றது? முடி எடுக்கறதுக்கே அழறாளேன்னு சிரிப்பாரு. பிடிக்கலன்னு சொல்றது ஈஸியா இருந்துச்சு."

"அது வேற, இது வேறம்மா. நான் சும்மா விளையாட்டுக்கு—"

"தெரியும். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்." என் பக்கம் திரும்பினாள். "வலிக்குதுன்னு நான் சொன்னப்ப ஒரு தடவை நம்பியிருக்கலாம்ல?"

இடது காலுக்குப் பவுடர் டப்பாவை எடுத்தேன். அவள் என் கையைத் தடுத்தாள்.

"இது இருக்கட்டும். அடுத்த நாலாவது செவ்வாய் வரேன். அன்னிக்கு எடுங்க."

"பைத்தியமா? அது சரியா அந்த நாளாச்சே. முடியும் இன்னும் நீளமா இருக்கும், இன்னும் வலிக்கும்."

"அதுக்குத்தான்."

ஒரு காலில் முடியோடும் ஒரு காலில் முடியில்லாமலும் பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். இப்படி ஒரு வாடிக்கைக்காரியை நான் கண்டதில்லை. போகும்போது, "அவர்கிட்ட நீங்க எதுவும் பேசாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பதினேழு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தம்பி இரண்டு முறை போன் செய்தான். பெட்டி வாங்கியாயிற்று, அங்கே ஒரு அறை பார்த்தாயிற்று என்றான். "சரிடா" என்றேன். வேறென்ன சொல்ல? மூன்று முறை போனைக் கையில் எடுத்து, எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று நினைத்து, வைத்துவிட்டேன். அவளிடம் அவ்வளவாவது கடன்பட்டிருக்கிறேன் என்று தோன்றியது.

செவ்வாய் சாயங்காலம் வந்தாள். தம்பி கிளம்ப நான்கு நாள் இருந்தது. அன்றும் பார்லரில் வேறு வாடிக்கை இல்லை. முதலாளியம்மா தொட்டாச்சிணுங்கி என்று ஆரம்பித்தாள். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"டேட்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு வந்துடும். காலையிலேர்ந்து இடுப்பு வலி."

இடது கால். முதல் பட்டையை இழுத்ததும் அவள் வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. தோல் உடனே திட்டுத் திட்டாகச் சிவந்தது. பழையபடி எல்லாமே அப்படியேதான் இருந்தது, என் வாய் மட்டும் மூடியிருந்தது. சிவந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தேன். இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது முடிந்ததும், "ஒரு நிமிஷம் அண்ணி" என்று எழுந்து உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள். போதும் என்று சொல்லப் போகிறாள் என நினைத்து வேக்ஸ் துடைக்க எண்ணெயை எடுத்தேன்.

பையிலிருந்து போனை எடுத்தாள். தம்பியைக் கூப்பிட்டாள். நான் வெளியே போகப் பார்த்தேன், அவள் தலையாட்டி இருக்கச் சொன்னாள்.

"நான்தான். வேலையா இருக்கீங்களா? இல்ல, ஒண்ணும் ஆகல, அண்ணி பார்லர்ல இருக்கேன். ஒண்ணு சொல்லணும். எனக்குக் குழந்தை பிடிக்கலன்னு சொன்னது பொய். எனக்குப் பயம். வலிக்குப் பயம். உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அந்தப் பக்கம் தம்பி ஏதோ படபடவென்று பேசினான். அவன் குரலில் சந்தோஷம் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் உள்ளே துள்ளியது. அவ்வளவுதான், காரியம் முடிந்தது, டிக்கெட்டை ரத்து செய்துவிடுவான், அடுத்த வருஷம் இந்நேரம் என்று என் மனசு ஓட ஆரம்பித்துவிட்டது.

"இருங்க, இருங்க" என்றாள் அவள். "வேணும்னு நான் சொல்லல. பயத்துல வேணாம்னேன், அதை மட்டும்தான் சொல்றேன். பயம் இல்லாம யோசிச்சா வேணுமா வேணாமான்னு எனக்கு இன்னும் தெரியாது. அஞ்சு வருஷத்துல நான் அதை யோசிச்சதே இல்ல. நீங்க போறதா இருந்தா போங்க. இருந்தா, உக்காந்து பேசுவோம்."

இந்த முறை அவன் ஏதோ சொன்னான், நிதானமாக. "சரி, சாப்பிடாம இருங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று அப்போது நன்றாகத் தெரிந்தது.

அவள் மறுபடி படுத்துக்கொண்டு காலை நீட்டினாள். இன்னும் முழங்காலுக்குக் கீழே, நோகிற இடம் பாக்கி இருந்தது. வேக்ஸைத் தடவி, பட்டையை ஒட்டி, இரண்டு தடவை நீவிவிட்டேன்.

"இது ரொம்ப வலிக்கும்மா" என்றேன்.

"தெரியும்" என்றாள். "இழுங்க."