ஒன்பது 'பி'க்கு யார் வகுப்பாசிரியர்

பரமசிவன் சார் இறந்து பதினெட்டு நாள். அவருடைய ஒன்பது 'பி' வகுப்பை யார் ஏற்பது என்று ஆசிரியர் அறையில் மூன்றாவது தடவையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி சொர்ணத்தாய் அதே பள்ளியில் தமிழ் டீச்சர். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நேற்றுதான் வேலைக்கு வந்திருந்தாள்.

"பரமசிவன் சாரோட கணக்குதான் தினம் முதல் பீரியடு. நீங்களே எடுங்க சார்" என்றாள் சமூக அறிவியல் பூங்கொடி.

"பத்தாப்பு ரிசல்ட்டு குறைஞ்சா என் தலையத்தான உருட்டுவாவ" என்றார் கணக்கு மாரிராஜ். "உங்களுக்கு என்ன டீச்சர், வருசா வருசம் அதே அசோகர், அதே மரம்."

சிரித்தார்கள். சொர்ணத்தாய் காலையில் அந்த வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் பார்த்திருந்தாள். இசக்கிச்செல்வி என்ற பிள்ளைக்கு நேற்றுவரை எட்டு நாள், வரிசையாக மையில் 'ஆப்சென்ட்'. முதல் பீரியடுக்குப் போனவர்கள் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பரமசிவன் அப்படிப் போடமாட்டார். வராத பிள்ளைக்குப் பென்சிலால் ஒரு புள்ளி. வீட்டுக்குப் போன் அடித்து, பிள்ளை திரும்பி வந்த பிறகுதான் மை. மாசியில் மிளகாய்ப்பழம் எடுக்கப் போகிற பெண்பிள்ளைகள் பத்து நாள் தாண்டினால் பள்ளிக்குத் திரும்புவதில்லை என்பார்.

"நான் எடுத்துக்கிடுதேன்" என்றாள்.

தலைமையாசிரியர் காமராஜ் தலை குனிந்துகொண்டார். "தினம் அவர் கையெழுத்தப் பாக்கணும், வேண்டாம்மா. வருகை எடுக்க உங்களுக்கு அங்க முதல் பீரியடும் இல்ல. திங்கக்கிழமை முடிவு பண்ணுவோம்."

திங்கள் என்றால் இசக்கிச்செல்விக்குப் பத்தாம் நாள். பதிவேட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். பிள்ளைகள் வீட்டு எண்களெல்லாம் பரமசிவன் போனில்தான் இருந்தன. தினமும் சார்ஜ் போட்டுப் பையிலேயே வைத்திருந்தாள். அதிலிருந்தே அடித்தாள்.

இரண்டாவது மணியில் எடுத்த குரல், "சார், நான் வந்துருதே..." என்று வந்து, நின்றுபோனது.

பின்னால் அம்மாவின் சத்தம். "யாருட்டி?"

"கிளாஸ் சார் நம்பரும்மா."

"தமிழ் டீச்சர் பேசுதேன் இசக்கி. அம்மாட்ட குடு."

"இன்னும் ரெண்டு நாள் பழம் கெடக்கு டீச்சர்" என்றாள் அம்மா.

"இன்னைக்கு வெள்ளி. நாளையும் மறுநாளும் எடுக்கட்டும். திங்கக்கிழமை காலையில நான் பேர் கூப்பிடுவேன்."

"பாக்கேன் டீச்சர்."

அறை வாசலில் காமராஜ் நின்றிருந்தார்.

"பீரியட மாத்திக் குடுங்க சார்" என்றாள்.

அவர் பதில் சொல்வதற்குள் பையைத் துழாவிப் பென்சிலை எடுத்து, இன்றைய கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.