ஷிப்டுக்கு ஒண்ணு

விற்ற சரக்கு சீக்கிரமே தீர்ந்துவிட்டது என்று வாடிக்கையாளர் திரும்பி வந்தால் எந்த வியாபாரிக்கும் வாயெல்லாம் பல்லாகத்தான் இருக்கும். எரிக்குக்கும் இருந்தது, வெங்கடம்மா காலி மாத்திரை டப்பாவைக் கடை மேசைமேல் டொக்கென்று வைத்துவிட்டுப் பேச ஆரம்பிக்கும் வரைக்கும்.

"இன்னா அத்தை, அதுக்குள்ள காலியா? மாமாகூட சேந்து நீங்களும் துன்னு குமரி ஆவப் பாக்குறீங்களா?"

"எனக்கு எதுக்குப்பா? இந்த மனுசனோட இம்மாங்காலம் கெடந்தது பத்தாதா? எல்லாம் அவரே துன்னதுதான். நீ சொன்ன மாதிரியே. ஷிப்டுக்கு ஒண்ணு."

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் தாத்தா காலத்திலிருந்து கடை. யாரிடம் எந்தப் பேச்சு விலைபோகும் என்பது எரிக்குக்குத் தராசு பிடிக்கும் முன்னமே தெரியும். பெங்களூர் ஏஜென்ட் அந்த மாத்திரையைத் தலையில் கட்டும்போது, முதுமையைத் தள்ளிப் போடும், ஆயுளைக் கூட்டும், செல்லைப் புதுப்பிக்கும் என்றெல்லாம் ஒப்பித்துவிட்டுப் போனான். செல் என்றால் இங்கே போனைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதனால் எரிக் தன் பாணியில் சொன்னான்: "சொரங்கத்துல பழைய ஷாஃப்டுக்குப் புது மரம் முட்டுக் குடுக்குற மாதிரி, மாமா. ஷிப்டுக்கு ஒண்ணு போடுங்க, போதும்." ஓர் ஆள் நாளைக்கு ஒரு ஷிப்ட்தானே போவான்? கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவன் போட்ட கணக்கு அது.

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் ஸ்கெலட்டன் லைனில், வெங்கடம்மாவின் தெருவில், கணக்கு வேறு. சுரங்கம் மூடிய பிறகும் அங்கே காலை, மதியம், ராத்திரி கிடையாது. ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட்தான்.

"மூணு ஷிப்டும் தவறாமதான் குடுக்குறேன்," என்றாள் வெங்கடம்மா. "நைட் ஷிப்டுக்குத்தான் எழுந்திருக்க மாட்டாரு. உலுக்கி எழுப்பி, வாயில போட்டுட்டுத்தான் நான் படுப்பேன்."

எரிக் சிரிக்க வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை. அலமாரியிலிருந்து புது டப்பா ஒன்றை எடுத்து, தான் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் சுரண்டினான். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. நாளைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

"அத்தை, மாமாவுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாங்களே. அதுக்குக் குடுத்த மாத்திரை?"

"அதையும் உடல. ரெண்டும் சேந்தா டபுள் பலமாம்."

"எங்கயாச்சும் ரத்தம் கித்தம் வருதா?"

"பல்லு வெளக்கறப்போ ஈறுல வரும். இன்னிக்குக் காலைல மூக்குல கொஞ்சம். சூடுப்பா. எளரத்தம் ஊறுதில்ல, சூடாத்தானே இருக்கும்?"

எரிக் ஷட்டரைப் பாதி இழுத்தான். பூட்டினானா என்பது பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வெங்கடம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஸ்கெலட்டன் போகும் வழியெல்லாம் அவள் கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசினாள். அவன் காதில் விழுந்தது ஈறு, மூக்கு, ஈறு, மூக்கு.

வெங்கடம்மாவின் வீட்டுக்காரர் காத்தவராயன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் ஆட்களைக் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏற்றி இறக்கிய மனிதர். மடியில் துண்டு. துண்டில் திட்டுத்திட்டாகச் சிவப்பு.

"இன்னா எரிக்கு, சரக்கை நீயே தூக்கினு வந்துட்டியா? கடையில ஈ ஓட்டுறியா?"

"மாமா, அந்த மாத்திரை இனிமே வேணாம். நிறுத்துங்க."

காத்தவராயன் கண்ணைச் சுருக்கினார். "எவ்ளோ ஏத்தப் போற?"

"ஏத்தறதுக்கு இல்ல மாமா. ஒடம்புக்கு ஆவாது."

"கடைக்காரன் வேணாம்னா வெல ஏறுதுன்னு அர்த்தம். போன தீபாவளிக்கு எண்ணெய் ஸ்டாக் இல்லேன்னியே, நாலு நாள்ல எங்கேர்ந்து வந்துது?"

"சாமி சத்தியமா."

"உங்க சாமியா, எங்க சாமியா?"

எரிக்குக்கு வியர்த்தது. பொய் சொல்லி விற்பது அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி. உண்மையைச் சொல்லி விற்காமல் இருப்பதற்கு யாரும் அவனைப் பழக்கவில்லை. சீட்டைச் சுரண்டிய டப்பாவை நீட்டிப் படிக்கச் சொன்னான். கண்ணாடி உள்ளே இருக்கிறது, அதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா போடுவது என்றார் அவர். அவனுக்குத் தெரிந்த ஒரே வழிதான் மிச்சம். டப்பாவை அவர் கையில் திணித்தான்.

"சரி, வெச்சிக்கோங்க. காசு வேணாம். கடையில கீற மீதியையும் இனாமாவே கொண்டாந்து குடுத்துடறேன்."

காத்தவராயன் கை டப்பாவோடு அப்படியே நின்றது. பெண்சாதியைப் பார்த்தார். எரிக்கைப் பார்த்தார்.

"இனாமாவா? நீயா?" டப்பாவைத் தரையில் வைத்தார், தேளை வைக்கிற மாதிரி. "இனாமாப் போட்டா நாய்கூட மோந்து பாத்துட்டுத்தான் துன்னும். அப்போ இத்தினி நாளா நான் துன்னது இன்னாடா?"

அவர் மூக்கிலிருந்து ஒரு சொட்டு இறங்கி வேட்டியில் விழுந்தது. துண்டை வைத்து அழுத்தினார். நிற்கவில்லை.

"வெங்கடம்மா," என்றார். குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "என் செருப்பு எங்க?"

வெங்கடம்மா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பின்னால் வருவதாகச் சொன்னாள். எரிக் கிழவரை ஸ்கூட்டரில் ஏற்றினான். ஒரு கையில் துண்டு, மறு கை எரிக்கின் தோளில். அந்தக் கையின் கனம்தான் வழியெல்லாம் அவனுக்குப் பின்னால் பார்க்கும் கண்ணாடி. கனம் குறைந்தால் பேச்சுக் கொடுத்தான்.

"மாமா, வித்த டப்பாவுக்குப் பாதிக் காசு திருப்பித் தந்துடறேன்," என்றான் திரும்பாமலே.

"பாதியா?" துண்டுக்குள்ளிருந்து வந்தது குரல். "முழுசும் வை."

"கட்டாது மாமா. முக்கால்."

கோரமண்டல் பக்கத்து வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. தோளிலிருந்த கை நழுவி முதுகுக்கு வந்தது.

"மாமா?"

லாரி ஒன்று கடந்து போனது.

"மாமா, முக்கால்னேன்."

"முழுசுன்னேனே," என்றார் காத்தவராயன், மெதுவாக. "காதுல வுழலியா?"

ஆஸ்பத்திரி போர்டு தூரத்தில் தெரிந்தது. முழுசையும், கேட்டால் கடையையுமே கொடுத்துவிடலாம் என்றிருந்தது எரிக்குக்கு. ஆனால் சரி என்று சொல்லிவிட்டால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார்.

"முடியவே முடியாது மாமா," என்று கத்தினான், முறுக்க முடிந்த மட்டும் ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே. "முக்காலுக்கு மேல ஒரு பைசா பேராது. இன்னா சொல்றீங்க? சொல்லுங்க மாமா."