வலி இல்லை, கடுப்புதான்

1

இந்தக் கதை என் மாமா சொன்ன ஒரு சொல்லிலிருந்து வந்தது. மாமா என்றால் அக்காவின் கணவர். முப்பது வருடம் கிடங்கில் மூட்டை தூக்கியவர். நானும் தூக்கியிருக்கிறேன், எழுத வந்தது அப்புறம். முதல் வரி இப்படி இருந்தது: டயாலிசிஸ் அறையின் வெள்ளைச் சுவர்கள் துயரத்தோடு

நிறுத்திவிட்டேன். சுவருக்கு என்ன துயரம்? அங்கே டிவி ஓடும். மாமா குறட்டை விடுவார்.

2

சிறுநீரகம் கைவிட்டதால் மாமாவுக்கு ரத்தமும் ஊறவில்லை. ஊறுவதற்கு ஊசி போட்டார்கள், அளவைக் கூட்டினார்கள். ஹீமோகுளோபின் ஏழிலேயே நின்றது. இன்னும் இறங்கினால் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றினால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சிலுப்பிக்கொண்டு, அக்கா கொடுக்கவிருக்கும் சிறுநீரகத்தையும் நாளைக்கு விரட்டலாம்.

(அக்கா கேட்டது: "இருபத்தஞ்சு வருஷம் என் சமையலத் தின்ன உடம்பு, என் கிட்னிய மட்டும் வேணாம்னுமா?")

3

மருந்து ஏன் கேட்கவில்லை? உள்ளே எங்கோ புண் இருந்தால் எதிர்ப்புச் சக்தி சண்டைக்கு நின்றபடியே ரத்தம் ஊறத் தேவையான இரும்புச்சத்தைப் பூட்டிவைத்துக்கொள்ளும் என்றார் நர்ஸ். எங்காவது வலி உண்டா என்று மாதாமாதம் கேட்டார். மாதாமாதம் மாமா இல்லை என்றார்.

இந்த இடத்தில் மாமாவைப் பொய்யராக்கிப் பார்த்தேன். கதை விறுவிறுவென்று ஓடியது. ஆனால் அதில் இருந்தது வேறு ஆள். அடித்துவிட்டேன்.

ஒருநாள் டயாலிசிஸ் ஓடும்போது அக்கா மாமாவுக்குப் பன் பிய்த்துக் கொடுத்தாள்.

"ஏன் ஒரு பக்கமாவே மெல்லுறீங்க?"

"அந்தப் பக்கம் பல்லு கொஞ்சம் கடுப்பு."

"எத்தன நாளா?"

"போன வருஷத்துலேருந்து."

நர்ஸ் திரும்பினார். "ஐயா, வலி இருக்கான்னு எட்டு மாசமா கேக்குறேன்."

"வலி இல்லையேம்மா. கடுப்புதான்."

அவர் சொன்னது உண்மை. கிடங்கில் வலி என்றால் ஆளைக் கீழே தள்ளுவது. மற்றதெல்லாம் கடுப்பு, குடைச்சல், உளைச்சல். அதற்கெல்லாம் யாரும் மூட்டையை இறக்குவதில்லை.

4

கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ். பிடுங்கி, புண் ஆறியதும் அதே ஊசி கேட்கத் தொடங்கியது. மூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் ஒன்பதரை. ரத்தம் ஏற்றவில்லை. மாமா இப்போது படியேறி வந்துவிட்டு, லிஃப்டில் வந்த என்னைக் கிண்டல் செய்கிறார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து இருவரும்

இல்லை. நடக்காததை எழுத எனக்குக் கை வராது. முடிவை உங்களிடமே விட்டுவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் அக்கா படித்துவிட்டாள்.

"முடிவு எங்கடா?"

"இன்னும் உன்கிட்டதான்க்கா இருக்கு. வலது பக்கமா, இடது பக்கமான்னு டாக்டர் சொல்லணும்."

அக்கா இடுப்பின் இரண்டு பக்கத்தையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.